கீழாநெல்லி ஆய்வகத்துக்குள் போனால்: மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் முறை

ஏதோ ஒரு மூலிகையின் சாறு புற்றுநோய் செல்களை அழிக்கிறது, நோய்க்கிருமிகளைக் கொல்கிறது, ஈரலைக் காக்கிறது என்று ஆய்வில் நிரூபிக்கப்பட்டதாக நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அத்தகைய செய்தி பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. ஆய்வகத்தில் ஏதோ ஒன்று நடந்துதான் இருக்கும். நடந்தது எந்தச் சோதனை, அந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக வகுக்கப்பட்டது என்பதுதான் செய்தியில் விடுபட்டுப்போகிறது. தட்டில் கிருமி வளரவில்லை, எலியின் இரத்தத்தில் ஈரல் நொதி குறைந்தது, நோயாளி குணமடைந்தார் ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகளின் விடைகள். முதல் விடையை வைத்துக்கொண்டு மூன்றாவதை ஊகித்துவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ளக் கீழாநெல்லியை விடப் பொருத்தமான செடி நமக்குக் கிடைக்காது. மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதோடு, செடி நிலையிலிருந்து மனிதர்களிடம் நடத்தப்படும் ஒப்பீட்டுச் சோதனை வரை எல்லாப் படிகளையும் கடந்துசென்ற சில மூலிகைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பயணத்தின் முக்கியமான பகுதி சென்னையில் நிகழ்ந்தது.

முதலில் ஒரு நியாயமான ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துப் பலருக்குக் காமாலை தெளிந்திருக்கும்போது ஆய்வகம் எதற்கு? காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஹெபடைடிஸ் பி வைரஸ் முதன்முறை தொற்றும் பெரியவர்களிலும் ஏறத்தாழ 95 சதவீதம் பேரின் உடல், மருந்து எதுவும் இல்லாமலே அதை வெளியேற்றிவிடுகிறது. எனவே சாறு குடித்தவரும் தெளிவார், குடிக்காதவரும் தெளிவார். குடித்தவர்களை மட்டும் பார்த்துவந்த குடும்பத்துக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இது பாட்டியின் குறையன்று. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும் என்பதுதான் ஆய்வு முறையின் அடிப்படை.

ஆய்வு, ஆய்வகத்துக்கு வெளியே, செடி நிற்கும் இடத்தில் தொடங்குகிறது. கீழாநெல்லி என்று பறித்துவரப்படும் செடிகளில் நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் இலைக் காம்புகளுக்கு அடியில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பல ஆண்டுகளாக இந்திய ஆய்வுக் கட்டுரைகள் இந்தச் செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறிப்பிட்டுவந்தன. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் வழங்கிவந்தவை ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் முதலிய வேறு இனங்கள் என்பதைத் தாவரவியலாளர்கள் பின்னர் தெளிவுபடுத்தினார்கள். பெயர் தவறாக இருந்தால் அதன்மேல் எழும்பும் எல்லா எண்களும் எந்தச் செடியைப் பற்றியவை என்றே தெரியாமல் போகும். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் ஆய்வில், பறித்த செடியின் பூ, காயுடன் கூடிய ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரக் காப்பகங்களில் ஓர் எண்ணோடு சேர்த்துவைக்கிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்து யாருக்காவது ஐயம் எழுந்தால் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். ஒரு கட்டுரையில் இந்த எண் இல்லையென்றால் நான் அதன் மீதிப் பக்கங்களைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

அடுத்து, சாறு எடுத்தல். செடியை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, ஒரு கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். கரைப்பான் எது என்பது சிறு விவரம்போல் தோன்றினாலும், கண்ணாடிக் குடுவையில் வந்து சேரும் பொருள் எது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஹெக்சேன் கொழுப்பையும் மெழுகையும் கரைக்கும். மெத்தனாலும் எத்தனாலும் இடைப்பட்ட பலவகைப் பொருள்களை இழுத்துவரும். நீர், சர்க்கரைகளையும் உப்புகளையும் துவர்ப்புத் தரும் டானின்களில் ஒரு பகுதியையும் கொண்டுவரும். கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின், லிக்னான் என்ற வகைத் தாவர வேதிப்பொருள்; அது எண்ணெய்த்தன்மை உள்ள கரைப்பான்களை நாடுவது. ஜெரானின் போன்ற டானின்களோ நீரிலும் ஆல்கஹாலிலும் கரைபவை. ஆகவே மெத்தனால் சாற்றில் கண்ட விளைவை, வீட்டில் கொதிக்கவைத்துக் குடிக்கும் கஷாயத்துக்கு அப்படியே பொருத்திப் பேசுவது தவறு. இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்த வெவ்வேறு பொருள்கள்.

கரைப்பானும் வெப்பமும் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனாவின் தூ யூயூ கண்டறிந்த ஆர்ட்டெமிசினின் சிறந்த சான்று. மலேரியாவுக்கு எதிராகச் சிங்ஹாவ் என்ற மூலிகையை அவருடைய குழு சோதித்தபோது பலன் ஒருமுறை தெரிவதும் மறுமுறை மறைவதுமாக இருந்தது. 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவக் குறிப்பொன்று அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறது என்பதைக் கவனித்த அவர், வெப்பமே மருந்தைச் சிதைக்கிறதோ என்று ஐயுற்று, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈத்தரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை முழுமையாக அடக்கியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி மாறவில்லை, சாறெடுத்த முறை மட்டும்தான் மாறியது.

ஊறிய திரவத்தை வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சுழற்றும் ஆவியாக்கியில் வைத்தால், கரைப்பான் மிதமான வெப்பத்திலேயே பிரிந்துபோய், குடுவையின் சுவரில் கரும்பச்சைப் பிசின் ஒன்று படிகிறது. கட்டுரைகளில் "சாறு" என்று குறிப்பிடப்படுவது இந்தப் பிசினைத்தான். நூறு கிராம் பொடியிலிருந்து பத்து கிராம் பிசின் கிடைத்தால் விளைச்சல் 10 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

அதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனைகள் கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமானவை. சாற்றுடன் ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டதும் கரும்பச்சையோ கருநீலமோ தோன்றினால் டானின் உள்ளிட்ட ஃபீனால் வகைப் பொருள்கள். நீருடன் குலுக்கியபின் நுரை நெடுநேரம் நின்றால் சப்போனின். டிராகன்டார்ஃப் கரைசலில் செம்மஞ்சள் வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு. இவை, இன்ன வகைப் பொருள் இருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பது இவற்றின் எல்லைக்கு வெளியே. ஆனாலும் இந்த நிறமாற்றங்களின் அட்டவணையோடு முடிந்துபோகும் கட்டுரைகள் ஏராளம்.

கிருமிகளுக்கு எதிரான சோதனைகளில் எளியது அகார்த் தட்டுச் சோதனை. வட்டத் தட்டில் ஊட்டக்கூழ் ஊற்றி, அதன் மேற்பரப்பெங்கும் பாக்டீரியாவைப் பூசி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் ஓரிரவு விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் மங்கலான படலமாகப் பாக்டீரியா வளர்ந்திருக்க, சில வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். அந்த வளையத்தின் விட்டத்தை அளவுகோலால் அளக்கிறார்கள். பெரிய வளையம் என்றால் வலிய மருந்து என்று எண்ணத் தோன்றும். ஆனால் வளையத்தின் அளவு, பொருள் கூழுக்குள் எவ்வளவு எளிதில் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் நீர் நிறைந்த கூழில் பரவாமல் வில்லையிலேயே தங்கிவிடும்; கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தாலும் வளையம் சிறியதாகவே தெரியும்.

ஆகையால் அடுத்த படியாக, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில், குழிக்குக் குழி சாற்றைப் பாதியாக நீர்த்துக்கொண்டே போகிறார்கள்: மில்லிலிட்டருக்கு 512 மைக்ரோகிராம், 256, 128, 64 என்று. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பாக்டீரியாவைச் சேர்த்து வளரவிட்டு, மறுநாள் ரெசாசூரின் என்ற நீலச் சாயத்தை இடுகிறார்கள். உயிருள்ள பாக்டீரியா அதை இளஞ்சிவப்பாக மாற்றிவிடும். நீலம் மாறாமல் நிற்கும் கடைசிக் குழியின் செறிவே, வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. அதே தட்டில் சாறே இடாத குழி, பாக்டீரியாவே இடாத குழி, பெயர்பெற்ற ஆன்டிபயாட்டிக் இட்ட குழி, சாற்றைக் கரைக்கப் பயன்பட்ட திரவத்தை மட்டும் இட்ட குழி ஆகியவையும் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், கிருமியைக் கொன்றது மூலிகையா கரைப்பானா என்பதே தெரியாது. படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கட்டுப்பாட்டுக் குழிகளைத்தான்.

இங்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில் கிருமியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. இரத்தத்தில் மட்டும் அதே செறிவை எட்ட 500 மில்லிகிராம் பிசின் வேண்டும். விளைச்சல் 10 சதவீதம் என்றால், அது 5 கிராம் உலர்பொடி. கேட்பதற்குச் சாத்தியமானதாகவே இருக்கிறது. ஆனால் விழுங்கியது அனைத்தும் குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு, ஈரலில் சிதையாமல், திசுக்களுக்குள் பரவாமல், சிறுநீரில் வெளியேறாமல் முழுவதுமாக இரத்தத்திலேயே தங்கினால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். நடப்பில் அப்படி நிகழ்வதில்லை. மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொண்டால், கிராம் கணக்கில் விழுங்கிய பிறகும் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே தென்படுகிறது. சில ஆயிரம் மைக்ரோகிராம் செறிவில் மட்டுமே செயல்படும் சாற்றை மருந்தென்று சொல்லும் கட்டுரையை இந்தக் கணக்கு ஒன்றே போதும், அடையாளம் காட்டிவிடும்.

கிருமியிலிருந்து மனிதச் செல்களுக்கு நகர்ந்தாலும் இதே கவனம் தேவை. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில், உயிருள்ள செல் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றுகிறது. ஊதா அடர்த்தியை ஒரு கருவி அளக்கிறது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த தாவரச் சாறுகள், செல் எதுவும் இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக்கிவிடக்கூடும். குர்குமின் இதைவிடச் சிக்கலானது: அது ஒளிரும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், கரைசலில் விரைவில் சிதையும், ஆகவே சோதனை அமைப்பையே ஏமாற்றிப் பொய்யான வெற்றிகளைத் தரக்கூடியது என்று 2017-இல் வெளிவந்த விரிவான வேதியியல் மதிப்பாய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. புற்றுநோய் செல்லைக் கொன்றது என்பதும் தனித்து நின்றால் பொருளற்றது. அதே செறிவில் ஆரோக்கியமான செல்லும் செத்ததா என்று பார்க்கவேண்டும். புற்றுநோய் செல்லைக் கொல்லும் செறிவுக்கும் ஆரோக்கியமான செல்லைக் கொல்லும் செறிவுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தால்தான் அந்தச் சாறு மேற்கொண்டு ஆராயத்தக்கது.

கீழாநெல்லிக்கு வருவோம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான பாருக் புளூம்பெர்க்கின் குழுவும் இதில் இணைந்து உழைத்தார்கள். செடியின் சாறு, வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைச் சோதனைக்குழாயில் தடுத்தது. அடுத்து, மனித வைரஸை ஒத்த வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்குகளில் சோதித்து, ஊக்கமளிக்கும் முடிவுகளை 1987-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. அடுத்த ஆண்டுக் கட்டுரையில் அமாரஸ். நொதிச் சோதனையில் ஒரு கண்ணி உண்டு: டானின்கள் புரதங்களோடு பொதுவாகவே ஒட்டிக்கொள்பவை, நொதி எதுவானாலும் குழாயில் அதை மந்தமாக்கக்கூடியவை. டானினை நீக்கிய சாற்றிலும் அதே விளைவு தெரிகிறதா என்று பார்த்தால்தான் வைரஸின் நொதிக்கென்றே உரிய பொருள் இருக்கிறதா என்பது விளங்கும்.

விலங்குச் சோதனை ஏன் என்ற கேள்விக்கு விடை, உறிஞ்சுதலும் சிதைவும் நச்சும் முழு உடலில்தான் வெளிப்படும் என்பதே. இந்தியாவில் இதற்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் ஒப்புதல் கட்டாயம். ஈரல் பாதுகாப்பை அறிய, எலிகளுக்குச் சாற்றைச் சில நாள் கொடுத்துவிட்டு, கார்பன் டெட்ராகுளோரைடோ மிகையான பாராசிட்டமாலோ கொடுத்து ஈரலைப் புண்படுத்துகிறார்கள்; சிதைந்த செல்களிலிருந்து இரத்தத்தில் கசியும் ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகளை அளந்து, சாறு கொடுக்காத எலிகளோடு ஒப்பிடுகிறார்கள். கவனியுங்கள்: சாறு நஞ்சுக்கு முன்னரே கொடுக்கப்படுகிறது. நோயாளியோ நோய் வந்த பிறகுதான் மருந்தைத் தேடுகிறார். மேலும், வேதிப்பொருளால் வந்த புண்ணும் வைரஸால் வந்த நோயும் ஒன்றல்ல. அளவும் நேரடியாக மாறுவதில்லை. எலிக்குக் கொடுத்த கிலோவுக்கு 200 மில்லிகிராமை, வழக்கமாகப் பின்பற்றப்படும் 6.2 என்ற எண்ணால் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு 32 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் பிசின்; பத்து சதவீத விளைச்சலில் 19 கிராம் உலர்பொடி.

விலங்குச் சோதனை கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, கேட்காத கேள்விக்கு விடை தருவதும் உண்டு. நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்கு நல்லது என்ற நாட்டுவழக்கைக் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1950-களில் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன, அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் இதுவே மருந்தாகலாமே என்று தோன்ற, அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது. அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறது. இரண்டும் மருத்துவமனையில் கண்காணிப்போடு ஊசிவழி செலுத்தப்படும் கடும் மருந்துகள். நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரைக்காக வெறும் வயிற்றில் மெல்லுகிறவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதியைத்தான் யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

மனிதர்களிடம் நடந்த கீழாநெல்லிச் சோதனையின் முடிவு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் புதிதாகக் காமாலை கண்டவர்களல்லர். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் நிலைத்துவிட்டவர்கள். இந்த நிலையில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது தொற்று நீடிப்பதை இரத்தத்தில் காட்டும் வைரஸ் புரதம், தானாக மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ நூறில் ஒருவருக்கே நிகழும் என்பதால், காமாலையில் இருந்த "தானாகவே தெளியும்" குழப்பம் இங்கே பெரிதும் குறைவு. ஒரு பிரிவினருக்கு 30 நாள் செடியின் பொடி, மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாள் கழித்துச் சோதித்தபோது, பொடி உண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. 59 சதவீதத்துக்கு எதிரே 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையிலேயே இது முதற்கட்ட ஆய்வு என்று எழுதியிருந்தார்கள்.

பிறகு தாய்லாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து நாடுகளில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வெற்றி அங்கே எங்கும் திரும்பி வரவில்லை. செடி விளைந்த மண்ணும் பருவமும் வேறா, இனம் கலந்துவிட்டதா, நோயாளிகள் எந்த வயதில் தொற்றுப் பெற்றார்கள் என்பது வேறுபட்டதா, அல்லது முதல் ஆய்வின் சிறிய எண்ணிக்கைதான் ஏமாற்றியதா என்ற கேள்விகள் எழுந்தன. பல சோதனைகளையும் ஒன்றுசேர்த்து எடைபோட்ட, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவச் சான்று அமைப்பின் மதிப்பாய்வு, போலி மருந்தோடு ஒப்பிடுகையில் ஃபில்லாந்தஸ் வகைச் செடிகளால் நீடித்த ஹெபடைடிஸ் பி-க்குப் பயன் உண்டு என்று நம்பத்தக்க சான்று இல்லை என 2011-இல் முடிவுசெய்தது. கீழாநெல்லியில் எதுவுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட வடிவில், கொடுக்கப்பட்ட அளவில், அந்த நோய்க்கு, அது தன்னை நிலைநாட்டவில்லை என்பது மட்டுமே பொருள். ஆனால் நாளிதழ்க் கட்டுரைகளிலும் பாட்டில் உறைகளிலும் 1988-ஆம் ஆண்டு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிந்திய ஆண்டுகள் அவற்றில் இடம்பெறுவதேயில்லை.

இன்று யாராவது அந்தச் சோதனையை மீண்டும் நடத்த முன்வந்தால், செய்யவேண்டியது ஓரளவு தெளிவாக இருக்கிறது. உலர்தாவரக் காப்பகத்தில் மாதிரி சேர்க்கப்பட்ட ஒரே இனச் செடி. ஒவ்வொரு தொகுதியிலும் ஃபில்லாந்தின், ஜெரானின் அளவுகளை அளந்து சமப்படுத்திய தயாரிப்பு. ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும், காட்மியம் 0.3 பங்குக்கும் மிகாத தூய்மை. ஆன்டிஜெனோடு நிற்காமல் இரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ எவ்வளவு என்பதையும் இன்றைய துல்லியத்தோடு அளக்கும் திட்டம். ஒப்பீட்டுக்கு வெறும் போலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இன்று முடியாது. வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கும்போது, சிகிச்சை தேவைப்படும் நோயாளியிடமிருந்து அவற்றை நிறுத்திவைக்க எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. ஆகவே கீழாநெல்லி இனி விடைசொல்லவேண்டிய கேள்வி, அந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா என்பதாகவே இருக்கும்.